குளிர்பெட்டி ஈந்த கோமானுக்கு ஒரு வாழ்த்துப் பத்திரம்

அருள்மழை பொழியும் அண்ணலே, ஓ.எம்.ஆர். சாலை ஈன்றெடுத்த ஒப்பிலா வள்ளலே, வேண்டாத பொருளை வேண்டுவார் யாரென்றும் கேளாமல் வாரி வழங்கும் வான்கொடைச் செம்மலே! தங்கள் திருமுன் அடுத்த தெருவாசிகளாகிய நாங்கள் பணிவுடன் படைக்கும் வாழ்த்துப் பத்திரம் இது. பொன்னாடை பின்னால் வருகிறது.

ஆடித் தள்ளுபடியில் தாங்கள் வாங்கிய இரட்டைக் கதவு பிரிட்ஜ், குட்டி யானை வண்டியில் வந்து இறங்கிய நாளை நாங்கள் மறக்க மாட்டோம். அன்றுவரை தங்கள் கட்டிலோரம் நின்று, தயிர்ப் பாக்கெட்டையும் முந்தாநாள் பிரியாணியையும் காத்துவந்தது 90 லிட்டர் மினி பிரிட்ஜ் ஒன்று. பழுதில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடாத பொருளை எவரும் ஒதுக்குவார்கள். ஓடுகிற பொருளை ஒதுக்கத்தான் பெருமனம் வேண்டும். இரவு பதினொன்றரை மணிக்கு, தெருநாய்களும் கண்ணயர்ந்த வேளையில், வாட்ச்மேன் பெரியவரின் தோளில் அதை ஏற்றி, மூன்று மாடி இறக்கி, அடுத்த தெரு டிரான்ஸ்பார்மர் அடியில் எழுந்தருளச் செய்தீர்கள். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது சிறியோர் குணம். தாங்களோ சிசிடிவி கேமராவின் கண்ணுக்கும் எட்டாத மூலையாகப் பார்த்துக் கொடுத்தீர்கள். அடக்கம் என்றால் அதுவல்லவா அடக்கம்!

அந்த வாட்ச்மேன் பெரியவர் சர்க்கரை நோயாளி. பிரிக்காத இன்சுலின் மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மனிதர் அதை ஒரு டப்பாவில் போட்டு, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் வைத்து, சென்னை வெயிலோடு போராடிக்கொண்டிருக்கிறார். மூன்று மாடி சுமந்து இறங்கிய அந்தக் கால் மணி நேரத்தில், “உங்களுக்கு வேணுமாண்ணே?” என்று தாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஏழையின் தன்மானம் புண்படுமே என்று எண்ணியிருப்பீர்கள். ஆகவே அவரிடம் தோளை மட்டும் கேட்டீர்கள். பெசன்ட் நகரில் 2017 முதல் ‘அய்யமிட்டு உண்’ என்று ஒரு பொதுக் குளிர்பெட்டியை நடத்துகிறார்கள்; மிஞ்சிய சோற்றை வைப்பவர் வைக்க, பசித்தவர் எடுத்துக்கொள்ள. இத்தகைய வழிகளெல்லாம் கொடுத்த பொருள் யார் கைக்குப் போயிற்று என்று தெரிந்துகொள்ள விரும்பும் சாதாரணக் கொடையாளிகளுக்கு. தங்கள் கொடை முகவரி பார்ப்பதில்லை.

முல்லைக்கொடி படரத் தன் தேரையே விட்டுப் போனான் பாரி என்று இரண்டாயிரம் ஆண்டாகப் புகழ்கிறோம். டிரான்ஸ்பார்மர் அடியில் முளைத்த ஊமத்தைக்குத் தாங்கள் குளிர்பெட்டி ஈந்ததை எந்தப் புலவரும் இன்னும் பாடவில்லை. இந்த ஓரவஞ்சனைக்கு நாங்கள் வெட்கப்படுகிறோம். பாரியின் தேரில் கம்ப்ரஸர் இல்லை, கேஸ் இல்லை. அவன் கொடை அந்த ஒரு கொடியோடு நின்றுபோயிற்று. தங்கள் கொடையோ தெருவில் தொடங்கி வானமண்டலம்வரை போயிருக்கிறது. அது போன வழியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதி தாருங்கள்.

முதல் நாள் விடிவதற்குள் முட்டைத் தட்டு போயிற்று. சாயங்காலத்துக்குள் கம்பித் தட்டுகள். மறுநாள், உள்ளிருக்கும் செம்புக்காக வயரை அடியோடு யாரோ நறுக்கிக்கொண்டு போனார்கள். எஞ்சியது கூடும் கதவும். அந்தக் கதவைக் கழற்றாமல் விட்டீர்களே, தங்கள் தொலைநோக்கு அதில்தான் விளங்குகிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பத்து நிமிடமும் இருந்தால் கீலிலிருந்து கதவு கையோடு வந்துவிடும். வந்திருந்தால் அது வெறும் தகரக் கூடு. கதவோடு இருந்ததால் அல்லவா தெருப் பிள்ளைகளின் கண்ணாமூச்சி ஆட்டத்துக்கு ஓர் அந்தப்புரம் கிடைத்தது! தட்டுகளும் இல்லை, நாலு வயதுப் பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார இடம் தாராளம். சுற்றிலும் ரப்பர் பட்டை வைத்த கதவு. வெளிக்காற்று உள்ளே போகாது. உள்ளே அழுதால் வெளியே கேட்காது. ஒளிந்துகொள்ள இதைவிட உத்தமமான இடம் இந்தப் பேட்டையில் ஏது?

அமெரிக்கர்களுக்கு இந்த நயமெல்லாம் தெரியாது. தூக்கிப் போட்ட பிரிட்ஜுகளுக்குள் புகுந்து மூச்சுத் திணறிச் செத்த குழந்தைகளைப் பார்த்துப் பதறிப்போய், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும்படி கதவு இருக்க வேண்டுமென்று 1956-இல் தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள். குழந்தைகளின் கைவலிமையில் அவர்களுக்கு நம்பிக்கை குறைவு. தாங்கள் கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவே, கதவு பாதிதான் திறக்கும்படி பெட்டியைச் செருகி வைத்த நேர்த்தியில் அப்படி எந்த அவநம்பிக்கையும் தென்படவில்லை. தெருமுனை இட்லிக் கடை அக்காதான் மூன்றாம் நாள் கதவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். அவருக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். கொடையின் அருமை அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெட்டியின் பின்னால், கம்ப்ரஸருக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. உறைபனி உருகிய தண்ணீர் வந்து விழும் தட்டு. வீட்டில் இருந்த காலத்தில் தாங்கள் அதை ஒருநாளும் கழுவித் தொந்தரவு செய்ததில்லை என்பதை அதன் அடியில் படிந்திருந்த பச்சைப் பாசியே சாட்சி சொல்லிற்று. ஆடி மாதத்துச் சாயங்கால மழை அதை நிரப்பியது. கவனிப்பாரற்று மல்லாந்து கிடந்த காய்கறிப் பெட்டியையும் நிரப்பியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடாது. தங்களைப்போலவே தூய்மையை விரும்பும் பிறவி. தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் கவலையில்லை. தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்கு உயிர்பெறும். மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, பிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கிறார்களே, அந்த அம்மாக்களுக்கு மாடி ஏறும் சிரமம் வேண்டாம் என்று தட்டையே தெருவுக்குக் கொண்டுவந்து வைத்த கருணையை என்னென்பது!

பின்பு ஒருநாள் காலையில் “பழைய இரும்பே, பித்தளையே, பேப்பரே” என்ற குரலோடு மீன்பாடி வண்டி வந்தது. தங்கள் கொடைக்கு உரியவர் வந்து சேர்ந்தார். பெட்டியைப் படுக்கவைத்து, இரண்டு சைக்கிள் டியூபால் கட்டி, காயலான் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே நடந்ததை நேரில் பார்த்த பாக்கியம் எங்களுக்கு உண்டு.

பதினேழு, பதினெட்டு வயதுத் தம்பி ஒருவன். கையுறை இல்லை, கண்ணாடி இல்லை, காலில் ரப்பர் செருப்பு. பெட்டியைத் திருப்பிப் போட்டு, கம்ப்ரஸரிலிருந்து மேலே ஏறும் செம்புக் குழாயைக் கட்டிங் பிளேயரால் பிடித்து, இரண்டு முறுக்கு முறுக்கினான். உஸ்ஸென்று ஒரு சீறல். குழாயின் வாயில் வெள்ளையாய் ஒரு மூச்சு. சில நொடிகள். பிறகு சீறல் அடங்கி, பழுப்பு நிற எண்ணெய் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கிற்று. தம்பி விரலை உதறிக்கொண்டான். அழுத்தத்திலிருந்து விடுபட்டு வரும் வாயு பட்ட இடத்தில் தோல் உறைந்து வெளுத்துவிடும். “பழக்கம்தான் சார்” என்றான். கம்ப்ரஸர் இரும்புக் குவியலுக்கு, செம்புக் குழாய் ஒரு சாக்குப் பைக்கு. எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது.

அந்தச் சில நொடிச் சீறலில்தான், ஐயனே, தங்கள் புகழ் விண்ணேறியது. பெட்டியின் பின்தகட்டில் ‘ஆர்-134ஏ, 70 கிராம்’ என்று பொறித்திருந்தது. வெறும் 70 கிராம். ஒரு சின்னப் பிடி சர்க்கரையின் எடை. ஆனால் அந்த வாயு ஒரு கிலோ வெளியேறினால் 1,430 கிலோ கரியமில வாயு செய்கிற வேலையை நூறாண்டுக் கணக்கில் செய்துவிடும் என்று அறிவியலார் மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் தங்கள் 70 கிராமின் பெறுமானம் 100 கிலோ. பைக்கில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் கன்னியாகுமரிக்குப் போனால்தான் ஒரு சாமானியன் இவ்வளவு புகையைத் திரட்ட முடியும். தாங்களோ கட்டிலை விட்டு இறங்காமலே சாதித்தீர்கள். பகட்டுக்காரர்கள் விமானம் ஏறிச் செய்வதைத் தாங்கள் ஒரு தயிர்ப் பெட்டியைக் கொண்டு செய்திருக்கிறீர்கள்.

ஒரு குறை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தங்கள் பெட்டி கொஞ்சம் புதிது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்கு முந்தைய பெட்டியாக இருந்திருந்தால் உள்ளே ஆர்-12 இருந்திருக்கும். சி.எஃப்.சி. குடும்பத்துப் பெரியவர், கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பம் பிடிப்பவர், போகிற போக்கில் ஓசோன் படலத்தையும் அரித்துவிட்டு, ஏறக்குறைய நூறாண்டு வானத்தில் வாசம் செய்பவர். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் கூடி உலக நாடுகள் அவரைத் துரத்த உடன்பட்டன. மருந்து இன்ஹேலர்களுக்கான சிறு விலக்கு நீங்கலாக, இந்தியாவும் 2008 ஆகஸ்டோடு அவர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் மனம் தளர வேண்டாம். தங்கள் பெரியப்பா வீட்டு மொட்டைமாடியில், சித்தப்பா வீட்டு மாடிப்படி அடியில் இன்னும் சில பெட்டிகள் கோணிச் சாக்கு போர்த்துக் காத்திருக்கும். அவையும் ஒருநாள் தங்கள் திருக்கரம் பட்டுக் கடைத்தேறும்.

அதேபோல், பின்தகட்டில் ‘ஆர்-600ஏ’ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன். வானத்துக்கு அதிகக் கேடில்லாத சாது வாயு. ஆனால் அடுப்பெரிக்கும் கேஸுக்குச் சொந்தக்காரன். நாலடி தள்ளி கேஸ் கட்டரில் இரும்பு அறுத்துக்கொண்டிருக்கும் பட்டறையில் அதைத் திறந்துவிட்டால் வானம் பிழைக்கும், தம்பி பிழைப்பானா என்பது அன்றைய காற்றின் திசையைப் பொறுத்தது. எந்தப் பெட்டியில் எந்த வாயு என்று படித்துப் பார்க்கத் தகடு இருக்கிறது. படிக்கத்தான் யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர்தான் சி.எஃப்.சி. வாயுக் குடும்பத்தைக் குளிர்பெட்டிக்குள் கொண்டுவந்த கர்த்தா. 1930-இல் வேதியியல் அறிஞர்கள் கூடிய அவையில் அவர் அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக் காட்டினார். விஷமுமில்லை, தீயுமில்லை என்று அவை வியந்தது. பெட்ரோலில் ஈயத்தைக் கலந்ததும் அதே மகானுபாவர். மிட்ஜ்லி ஒருநாள் இழுத்ததற்கு உலகம் கைதட்டியது. காயலான் கடைத் தம்பி அன்றாடம் இழுக்கிறான். அவனுக்கு அவையும் இல்லை, கைதட்டலும் இல்லை. அந்தப் பேற்றைத் தாங்கள்தான் அவனுக்கு இலவசமாக வழங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

நம்மவர் ஒருவரையும் இங்கே இரக்கத்தோடு நினைத்துக்கொள்ள வேண்டும். வீரபத்ரன் ராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, செகந்திராபாத்தில் குளிர்பெட்டி செய்யும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியிலிருந்து வாயு ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிந்துபோகிறது என்று கண்டுபிடித்துத் தடுப்பதுதான் இளைஞருக்கு இட்ட வேலை. பின்னால் அமெரிக்கா போய், கசிந்துபோன அந்த வாயு வானத்தில் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டார். சி.எஃப்.சி. ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு ஈடாகப் பூமியைச் சுட வைக்கும் என்று 1975-இல் எழுதி உலகத்தையே திடுக்கிட வைத்தார். துளித்துளியாய்க் கசிவதை அடைக்க அவர் இளமையைச் செலவிட்டார். முழுவதையும் ஒரே முறுக்கில் திறந்துவிடும் கலையைத் தங்கள் காலடியில் அமர்ந்து கற்கும் யோகம் அவருக்கு வாய்க்கவில்லை.

குழாய் காலியான பிறகும் கொடை தீரவில்லை. பெட்டியின் சுவருக்குள், வெளித்தகட்டுக்கும் உள் பிளாஸ்டிக்குக்கும் நடுவே, மஞ்சளாய் ரொட்டிபோல் உப்பிய பஃப் இருக்கிறதே, அதன் குமிழிகளுக்குள்ளும் வாயு உண்டு. பழங்காலப் பெட்டிகளில் சி.எஃப்.சி.-11, குழாயில் இருந்ததைவிடச் சுவரில் இருந்ததே அதிகம். அதன்பின் வந்த சிலவற்றில் எச்.சி.எஃப்.சி.-141பி, 2020 பிறந்ததும் இந்தியா அதற்கு விடைகொடுத்தது. இப்போது பெரும்பாலும் சைக்ளோபென்டேன். முறையான ஆலையில் முதலில் கம்ப்ரஸரில் துளையிட்டு வாயுவையும் எண்ணெயையும் உறிஞ்சிப் பிரிப்பார்கள். பிறகு கூட்டையே காற்றுப் புகாத அறைக்குள் அரைத்து, பஃபிலிருந்து கிளம்புவதையும் பிடித்துக்கொள்வார்கள். எத்தனை கருமித்தனம்! பட்டறையில் இப்படியெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை. கடப்பாரையால் தகட்டை உரித்தார்கள். பஃபை யாரும் எடைக்கு எடுக்க மாட்டார்கள் என்பதால் கையால் பிய்த்துக் கோணியில் அடைத்து, இருட்டியதும் பள்ளிக்கரணைப் பக்கம் கால்வாய் ஓரத்தில் கொட்டினார்கள்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. உலகம் காக்க வேண்டிய நீர்நிலைகளில் ஒன்று என்று பட்டயம். பூநாரை வருகிறது, நீர்க்கோழி வருகிறது. அதே நிலத்தின் மேல்தான் பெருங்குடிக் குப்பைமேடும் பல்லாண்டு வளர்ந்தது. அங்கே தங்கள் பஃப் துண்டுகள் மஞ்சள் பூக்களாய் மிதந்தன. மாடு ஒன்று ஒரு துண்டை மென்று பார்த்துத் துப்பியது. மாட்டுக்கு ரசனை போதாது. கொட்டியது போக எஞ்சியதைப் பட்டறையில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தைக்கு முன்னால் போகி வருமே! அன்று டயரோடும் வயரோடும் சேர்த்துக் கொளுத்தினால் பஃபிலிருந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும், வயரின் பி.வி.சி. உறையிலிருந்து டையாக்சினும் கிளம்பும். பழையன கழிதல் என்றால் இப்படியல்லவா கழிய வேண்டும். கழித்தவர் நுரையீரலிலேயே குடியேறும்படி!

இவ்வளவும் வேறு வழியில்லாமல் செய்யவில்லை என்பதுதான் தங்கள் பெருமைக்குச் சிகரம். வழி இருந்தது, வேண்டாம் என்று தள்ளினீர்கள். பெட்டியின் பின்பக்கத்தில், சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியின் மேல் பெருக்கல் குறி போட்ட படம் ஒன்று ஒட்டியிருந்தது. இதைக் குப்பையில் போடாதே என்று எழுத்தறியாதவருக்கும் விளங்கும். அதன் பக்கத்தில் நிறுவனத்தின் கட்டணமில்லா எண். மின்னணுக் கழிவுக்கு நம் நாட்டில் 2012 முதலே விதி உண்டு; 2016-இல் திருத்தி எழுதினார்கள்; 2023 ஏப்ரல் முதல் புது விதி நடப்பில் இருக்கிறது. விற்ற நிறுவனமே பழையதன் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது சாரம். அந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கலாம். பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகளின் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் பார்த்திருக்கலாம். மாநகராட்சியின் 1913-ஐ அழைத்துக் கேட்டிருக்கலாம். முதல் நாளே பிளக்கைப் பிடுங்கி, பனி உருகவிட்டு, துடைத்து, சாய்க்காமல் நிமிர்த்து வைத்து, குழாயில் கை வைக்காமல் ஒப்படைத்து, ஒரு ரசீது வாங்கிக்கொண்டிருக்கலாம். இதற்கெல்லாம் இரண்டு போன் கால், ஒரு சனிக்கிழமை முற்பகல் ஆகும். சனிக்கிழமை முற்பகலில் தங்களுக்குத் தூக்கம் இருந்தது. அரசர்களின் உறக்கத்தைக் கலைப்பது பாவம் என்பதை நாங்கள் அறிவோம்.

மாலை ஒன்று என்றாலும் அதைப் பகிர்ந்துகொள்ளத் தகுந்த கழுத்துகள் இன்னும் சில உண்டு. தங்களுக்குப் புதுப் பெட்டி விற்ற கடைக்காரர் முதலாமவர். ‘பழசைக் கொடுங்க, புதுசை அள்ளுங்க’ என்று கடை நீளத்துக்குப் பேனர் கட்டியிருந்தார். மினி பிரிட்ஜுக்கு எக்ஸ்சேஞ்ச் கிடையாது என்று தங்களைத் திருப்பி அனுப்பியதில் அவர் செய்த தீங்கொன்றுமில்லை. அவர் வாங்கிக்கொள்ளும் பெரிய பெட்டிகளும் கடைக்குப் பின்னால் அடுக்கப்பட்டு, மாதக் கடைசியில் அதே காயலான் கடைக்கு, அதே கட்டிங் பிளேயருக்குத்தான் போகின்றன. தங்களுடையது சில்லறைக் கொடை; அவருடையது மொத்தக் கொடை. வேறுபாடு அவ்வளவே.

நிறுவனங்களை எப்படிப் புகழ்வதென்று எங்களுக்குச் சொல் கிடைக்கவில்லை. 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, அதன்பின் 80 என்று அவர்களுக்கு மறுசுழற்சி இலக்கு வைத்திருக்கிறது விதி. இலக்கை எட்ட அவர்கள் தெருத்தெருவாய் அலைய வேண்டியதில்லை. ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். அந்தச் சான்றிதழோ பிரித்தெடுத்த இரும்பு, செம்பு, அலுமினியம், தங்கம் ஆகியவற்றின் கணக்கில் வழங்கப்படுகிறது. வானத்துக்குப் போன வாயுவுக்கு அந்தக் கணக்கில் வரி இல்லை, பத்தி இல்லை. தங்கத்தை எண்ணுகிற இடத்தில் காற்றை எண்ணுவது அநாகரிகம் அல்லவா! மறுசுழற்சி செய்பவருக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாயாவது கொடுங்கள் என்று அரசு சொன்னபோது, நாட்டின் மிகப் பெரிய பெயர்கள் சில டெல்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. பல்லாயிரம் ரூபாய்க்குப் பெட்டி விற்கிறவர்களுக்கு 22 ரூபாயின் அருமை தெரிந்திருக்கிறது. சிக்கனத்தை அவர்களிடம் கற்க வேண்டும்.

அதிகாரிகளோ பொறுமைக் கடல்கள். விதிகளை அச்சிட்டார்கள், இணையதளத்தில் ஏற்றினார்கள், பட்டியலைப் பதிவு செய்து வைத்தார்கள். காயலான் கடைத் தம்பியிடம் போய், குழாயை நறுக்குவதற்கு முன் வாயுவை உருளைக்குள் இழுத்துக்கொள்ளும் கருவி ஒன்று உண்டு, இந்தா பயிற்சி, இந்தா கையுறை, கொண்டுவந்து கொடுத்தால் இந்தா காசு என்று சொல்லி அவன் பிழைப்புக்குள் தலையிடவில்லை. பழைய பெட்டிகளில் பெரும்பகுதி அவன் கை வழியேதான் போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல் காத்துவரும் அந்தப் பெருந்தன்மைக்கு இன்னொரு பொன்னாடை தனியே வைத்திருக்கிறோம்.

இனி எங்கள் விண்ணப்பம். தங்கள் இல்லத்தில் இப்போது கொலுவிருக்கும் இரட்டைக் கதவு பிரிட்ஜும் ஒருநாள் பழையதாகும். அடுத்த ஆடி வரும். அடுத்த தள்ளுபடி வரும். அது பெரிய பெட்டி, கொடையும் பெரிது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இதுவரை தங்கள் ஈகையின் முழுப் பலனையும் அடுத்த தெரு பிள்ளைகளும், வாட்ச்மேன் தோளும், காயலான் கடைத் தம்பியின் விரல்களுமே அனுபவித்து வந்திருக்கின்றனவே என்று எங்களுக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆகவே அடுத்த முறை அருள்கூர்ந்து டிரான்ஸ்பார்மர்வரை சிரமப்பட வேண்டாம். பெட்டியைத் தங்கள் கூடத்திலேயே, தங்கள் பிள்ளைகள் விளையாடும் இடத்திலேயே, கதவைக் கழற்றாமல் வையுங்கள். பின்தட்டுத் தண்ணீரைத் தங்கள் படுக்கையறையிலேயே தேங்க விடுங்கள். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, குழாயைத் தங்கள் கையாலேயே முறுக்குங்கள். எல்லாம் தங்களுக்குப் போக ஏதாவது மிஞ்சினால், அப்போது எங்கள் தெருவுக்குக் கொடுத்தனுப்புங்கள்.